ஒரே வாசகம், நான்கு காரணங்கள்: செயலி திறக்காத ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குடன் இரண்டு ஆண்டுகள்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறத்தில் இரண்டு ஆண்டுகளாகச் செருகியிருக்கும், இணையத்தின் வழியே நிகழ்ச்சிகளைக் காட்டும் சிறு கருவியான ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைப் பற்றிய மதிப்பீடு இது. வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் படத்தின் தெளிவையும், கைக்கு அடக்கமான ரிமோட்டையும், பெயரைச் சொன்னதும் நிகழ்ச்சியைத் தேடித் தரும் குரல் வசதியையும் பாராட்டி முடித்திருப்பேன். அந்தப் பாராட்டில் எதையும் நான் இன்று திரும்பப் பெறவில்லை. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, செயலியைத் திறந்தால் அதன் சின்னம் மட்டும் திரையில் தோன்றி, அதற்கு மேல் எதுவும் வராமல் நின்றுவிட்டது. நான்கு முறையும் கருவி காட்டிய வாசகம் ஒன்றே: ‘ஏதோ தவறு நேர்ந்துள்ளது, சிறிது நேரம் கழித்து முயலவும்.’ நான்கு முறையும் காரணம் வெவ்வேறு. அந்த வாசகத்தால் எனக்கு எத்தனை மாலைப்பொழுதுகள் வீணாயின என்பதையும், காரணங்களை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்வதே இந்தக் கருவியைப் பற்றி நான் தரக்கூடிய நேர்மையான மதிப்பீடு என்று கருதுகிறேன்.

தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம், 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பிடம், ஹெச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகும் வடிவம் ஆகிய இந்த அமைப்புடன் பல நிறுவனங்களின் கருவிகள் விற்பனையில் உள்ளன. நான் கண்ட குறைகள் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தக் கூடியவை.

முதல் கோளாறு, கருவியை வாங்கிய ஏழாம் மாதத்தில் வந்தது. தொலைக்காட்சியைச் சுவரின் மறுபக்கத்திற்கு மாற்றியபோது ஸ்டிக்குடன் வந்த அடாப்டரின் ஒயர் எட்டவில்லை. ஆகவே மின்சாரத்திற்காக அதைத் தொலைக்காட்சியிலேயே உள்ள யுஎஸ்பி துளையில் செருகினேன். முகப்புத் திரை வழக்கம்போல் வந்தது, சிறிய செயலிகளும் திறந்தன. பெரிய செயலி ஒன்றைத் திறக்கும்போது மட்டும் சின்னத்தோடு நின்றது, அல்லது கருவியே அணைந்து மீண்டும் தொடங்கியது. தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையை அரட்டை வழியாக அணுகினேன். பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில், கருவியை வாங்கியபோது இருந்த நிலைக்கே திருப்பும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஏழு செயலிகளின் கடவுச்சொற்களையும் ரிமோட்டின் அம்புக்குறிகளால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி மீண்டும் உள்ளிட வேண்டியதாயிற்று. எல்லாம் முடிந்து செயலியைத் திறந்தேன். அதே சின்னம், அதே நிற்றல்.

காரணம் அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. 5 வோல்ட், 1 ஆம்பியர் என்பது கருவி கேட்கும் அளவு. யுஎஸ்பி 2.0 தரத்தில் அமைந்த துளையோ 500 மில்லி ஆம்பியருக்குப் பொறுப்பேற்பது. அதாவது தேவையில் சரிபாதி. முகப்புத் திரையில் சும்மா இருக்கும் கருவிக்கு அது போதும். பெரிய செயலி திறக்கும் கணத்தில் ப்ராசஸரும் வைஃபையும் ஒன்றாகத் தீவிரமாக இயங்கத் தொடங்க, மின்னோட்டத் தேவை சட்டென்று உயர்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, கருவி திணறுகிறது. நீட்டிப்புப் பெட்டி ஒன்றை வைத்து மீண்டும் அடாப்டரில் இணைத்த அன்றோடு அந்தக் கோளாறு ஒழிந்தது. மின்சாரம் போதாவிட்டால் அதைத் திரையிலேயே சொல்லிவிடும் கருவிகள் சந்தையில் இருக்கும்போது, இந்தக் கருவி சொல்லாமல் இருந்ததைக் குறை என்றே எழுதுகிறேன்.

ஃபேக்டரி ரீசெட்டை முதல் மருந்தாகத் தரும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். என் மாலைப்பொழுது வீணானது அதற்குச் சிறிய காரணம்தான். 2025 மார்ச் 9 அன்று, 2015இல் வெளிவந்த, கூகுளின் ஸ்ட்ரீமிங் கருவியான குரோம்காஸ்ட்டின் இரண்டாம் தலைமுறைக் கருவிகளும் குரோம்காஸ்ட் ஆடியோ கருவிகளும் உலகெங்கும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அவற்றை நம்பகமான கருவிகள் என்று அடையாளம் காட்டும் சான்றிதழ்களில் ஒன்றின் பத்தாண்டுக் கால அவகாசம் அன்று முடிந்திருந்தது. ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் அறிவித்தது. ஏனெனில் அப்படியே விட்டு வைத்தவர்களின் கருவிகளுக்குச் சில நாள்களில் தானாகவே திருத்தம் வந்து சேர்ந்தது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களோ கருவியை மீண்டும் அமைக்கவே முடியாமல், தங்களுக்கென்று தனித் தீர்வு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. பயனரின் தவறு இம்மியும் இல்லாத ஒரு கோளாற்றில், பயனரின் கையால் செய்யக்கூடிய மிகப் பெரிய நடவடிக்கையே நிலைமையை மோசமாக்கியது. மீளப் பெற முடியாத எதையும் கடைசியில்தான் செய்ய வேண்டும். அதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய எளிய கேள்விகள் பல உள்ளன.

அந்தக் கேள்விகளை இரண்டாவது கோளாற்றின்போதுதான் முறையாகக் கேட்கக் கற்றேன். பதினொன்றாம் மாதத்தில் ஒரே ஒரு செயலி மட்டும் திறக்க மறுத்தது. எல்லாச் செயலிகளும் நிற்கின்றனவா, ஒன்று மட்டுமா என்பது முதற் கேள்வி. யூடியூப் திறந்து படமும் ஓடியதால் இணையமும் ரூட்டரும் குற்றவாளிகள் அல்ல என்று தெரிந்தது. அதே செயலி, அதே வைஃபையில், அதே கணக்கில் கைபேசியில் திறக்கிறதா என்பது அடுத்தது. திறந்தது, ஆகவே சேவையின் சர்வர்களும் என் சந்தாவும் நலமாகவே இருந்தன. எஞ்சியது ஸ்டிக்கும் அதில் நிறுவியிருந்த அந்தச் செயலியும் மட்டுமே. இரண்டு நிமிடங்களில் இவ்வளவு தூரம் வந்துவிட முடியும் என்பதை அரட்டைச் சேவையில் ஒருவர்கூட அதுவரை எனக்குச் சொல்லவில்லை.

அமைப்புகளில் சேமிப்பிடத்தைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பெட்டியில் 8 ஜிபி என்று எழுதியிருந்தாலும் இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு செயலிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதிதான். ஒவ்வொரு செயலியும் முகப்பில் காட்டும் நிகழ்ச்சிப் படங்களையெல்லாம் கேச் என்னும் தற்காலிகச் சேமிப்பில் குவித்து வைப்பதால் அந்தப் பாதியும் மாதத்துக்கு மாதம் சுருங்குகிறது. புதிய பதிப்பைத் தரவிறக்கி, விரித்து, நிறுவுவதற்கு இடம் இல்லாததால் என் கருவியில் அந்தச் செயலி பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டது. சேவையின் சர்வரோ பழைய பதிப்பை ஏற்பதை நிறுத்திவிட்டது. செயலி பேச முயன்றது, சர்வர் பதில் தரவில்லை, திரையில் சின்னம் நின்றது. இடம் போதவில்லை என்று ஒரு வரி காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இத்தகைய நிலையில் நான் இப்போது பின்பற்றும் வரிசை, இழப்பு குறைந்ததிலிருந்து இழப்பு கூடியதை நோக்கிச் செல்வது. முதலில் செயலியைக் கட்டாயமாக நிறுத்தி மீண்டும் திறக்கிறேன். அடுத்துக் கேச்சை மட்டும் அழிக்கிறேன். இதனால் கணக்கு வெளியேறாது, முகப்புப் படங்கள் ஒருமுறை மெதுவாக வரும், அவ்வளவே. அதன்பின் பயன்படுத்தாத செயலிகளை நீக்கி இடம் உண்டாக்கி அப்டேட் செய்கிறேன். தரவை அழிப்பது வேறு விஷயம்: கடவுச்சொல், தேர்ந்தெடுத்த மொழி, சேமித்து வைத்த படங்கள் என அனைத்தும் போய், செயலி புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும். கேச்சை அழி, தரவை அழி என்னும் இரண்டு பொத்தான்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்தளவில் இருப்பதால் அவசரத்தில் கை மாறிவிடுகிறது. செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவது அதற்கும் அடுத்தபடி. இந்தக் கருவியைப் பாராட்ட இங்கே ஓர் இடம் உண்டு: எந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை அளவின் வரிசையில் காட்டுகிறது, எதை நீக்கலாம் என்று முடிவெடுப்பது எளிதாகிறது.

ரீஸ்டார்ட் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ரிமோட்டில் பவர் பொத்தானை அழுத்தினால் தொலைக்காட்சி அணைகிறது. ஸ்டிக் உறங்குகிறதே தவிர அணைவதில்லை. ஹோம் பொத்தானை அழுத்தி வெளியே வந்த செயலிகளும் பின்னணியில் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கக்கூடும், 1 ஜிபி ரேமில் அதற்குத் தாராளம் கிடையாது. மாதக்கணக்கில் ஒருமுறைகூட உண்மையாக அணையாத கருவிகள் பல வீடுகளில் இருக்கின்றன. என்னுடைய ஸ்டிக்கில் ரீஸ்டார்ட் அமைப்புகளுக்குள் ஐந்து படிகள் தள்ளி ஒளிந்திருக்கிறது. அமேசானின் ஸ்ட்ரீமிங் கருவியான ஃபயர் டிவியில் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். ரோக்கு என்னும் மற்றொரு ஸ்ட்ரீமிங் கருவியில் ஹோம் ஐந்து முறை, மேல் அம்பு ஒருமுறை, பின்னோக்கு இருமுறை, முன்னோக்கு இருமுறை என்று ஒரு வரிசை உண்டு. இவற்றில் எதுவும் நினைவில்லையென்றால் மின் இணைப்பைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுவது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

மூன்றாவது கோளாறுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அதனாலேயே அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாள் மின்தடை நீங்கியதும் ரூட்டரும் ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் உயிர்பெற்றன. அன்று மாலை எந்தச் செயலியும் திறக்கவில்லை. வைஃபை குறியீடு முழு வலிமையைக் காட்டியது. கைபேசியிலும் மடிக்கணினியிலும் இணையம் குறையின்றி ஓடியது. கேச்சை அழித்தேன், செயலிகளை அப்டேட் செய்ய முயன்றேன், வைஃபை கடவுச்சொல்லை மறக்கச் செய்து மீண்டும் இணைத்தேன். இரண்டு மாலைகள் இப்படியே போயின. மூன்றாம் நாள் அரட்டையில் வந்த சேவை ஊழியர், ரீசெட் பற்றிப் பேசாமல், ‘உங்கள் கருவியில் இன்றைய தேதி என்னவென்று காட்டுகிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். பல ஆண்டுகள் பின்னால் இருந்தது.

கணினியின் உள்ளே இருப்பதுபோல் கடிகாரத்தை ஓட வைக்கும் சிறு பேட்டரி இந்த ஸ்டிக்கில் இல்லை. மின்சாரம் போனால் நேரமும் போகிறது. மீண்டும் தொடங்கும்போது இணையத்தில் உள்ள நேரச் சர்வரைக் கேட்டுத்தான் கருவி தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. எங்கள் ரூட்டர் இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் எடுத்துக்கொண்டதால், ஸ்டிக் அனுப்பிய அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, அது தன் பழைய தேதியிலேயே இருந்துவிட்டது. தேதி தவறானால் செயலி ஏன் திறக்கக் கூடாது என்ற ஐயம் எழலாம். செயலி தன் சர்வருடன் பேசும் ஒவ்வொரு முறையும் சர்வர் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கருவியின் தேதி அந்தத் தொடக்க நாளுக்கும் முந்தையதாக இருந்தால், சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று முடிவுகட்டி, பாதுகாப்புக் கருதி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. கருவி சரியாகத்தான் நடந்துகொள்கிறது. அதற்குக் கிடைத்த தேதிதான் பிழை. தானியங்கி நேரத்தை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கியதும் தேதி சரியானது, எல்லாச் செயலிகளும் திறந்தன. அந்த ஊழியருக்கு நான் மனமார்ந்த நன்றி தெரிவித்தேன். அவர் கேட்ட கேள்வியை இந்த நிறுவனம் தன் சேவைக் குறிப்பேட்டின் முதல் வரியாக வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கடிகாரம் சரியாக இருந்தும், மற்றச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்காகக் கருவிக்குள் பதித்துவைத்த மூலச் சான்றிதழ் காலாவதியாகிப் போகலாம். 2020 மே 30 அன்று ஆட்ட்ரஸ்ட் என்னும் மூலச் சான்றிதழின் காலம் முடிந்தபோது ரோக்கு உள்ளிட்ட பல கருவிகளில் சேவைகள் தடைபட்டன. அப்டேட் செய்த பிறகே சீராயின. பழைய கருவியில் ஒரே நாளில் பல செயலிகள் ஒன்றாக நின்றால், கை வைப்பதற்கு முன் மற்ற பயனர்களுக்கும் அவ்வாறே நேர்ந்திருக்கிறதா என்று விசாரிப்பதும், இயங்குதள அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

நான்காவது கோளாறு என் செயலின் விளைவு. விளம்பரங்களைக் குறைப்பதற்காக ரூட்டரில், இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு வடிகட்டியை இட்டிருந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு செயலி சின்னத்தோடு நின்றது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஸ்டிக்கை இணைத்துப் பார்த்தேன், உடனே திறந்தது. செயலி திறப்பதற்குச் சில மெகாபைட் தரவே போதுமானதால், குற்றம் கருவியிலா வீட்டு இணைப்பிலா என்பதைப் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை. செயலி தொடங்கும்போது தன் முகப்பைக் கேட்பதற்கு முன்னரே பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் அளவீட்டுச் சர்வர் ஒன்றைத் தேடிச் செல்கிறது, வடிகட்டி அதை மறைத்துவிட, பதிலுக்காகக் காத்தபடியே நின்றுவிடுகிறது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு அளித்ததும் சரியாயிற்று. தம் இணைய முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் விபிஎன் பயன்படுத்துவோருக்கும் இதை ஒத்த சிக்கல் வரும். பல சேவைகள் விபிஎன் முகவரிகளைத் தெரிந்தே மறுக்கின்றன.

இணைய வேகம் குறைவு என்ற பதில்தான் எல்லோர் வாயிலிருந்தும் முதலில் வருகிறது. ஆனால் வேகக் குறைவு படம் ஓடும்போது வெளிப்படும் நோய்: படம் மங்கும், இடையிடையே பஃபரிங் ஆகும். நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 720பி படத்திற்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080பி படத்திற்கு 5, 4கே படத்திற்கு 15. செயலியின் முகப்பு தோன்றுவதற்கு இவற்றில் மிகச் சிறு பங்கு போதும். ஆகவே செயலியே திறக்காதபோது வேகத்தை அளந்துகொண்டிருப்பதில் பெரும்பாலும் பயனில்லை. ஸ்டிக் தொலைக்காட்சியின் உலோக முதுகை ஒட்டியிருந்து வைஃபை அலைகள் மறைக்கப்படுவது மட்டும் விதிவிலக்கு. பெட்டியுடன் வரும் சிறிய ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரைப் பலர் எடுத்துப் பார்ப்பதேயில்லை, அது அதற்காகத்தான் தரப்படுகிறது. செயலி திறந்து, 4கே படத்தில் மட்டும் திரை கறுத்துப்போனால், தொலைக்காட்சியின் அந்த ஹெச்டிஎம்ஐ துளை படங்களை நகலெடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி 2.2 பாதுகாப்பை ஏற்கிறதா என்று பார்த்து வேறு துளைக்கு மாற்ற வேண்டும்.

எந்த முயற்சியும் பலிக்காத ஒரு காரணமும் இருக்கிறது: சேவையே அந்தக் கருவிக்கான ஆதரவை நிறுத்திவிடுவது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் பழைய சாம்சங் தொலைக்காட்சிகள் சிலவற்றிலும் பழைய ரோக்கு கருவிகள் சிலவற்றிலும் அவ்வாறு நிறுத்தியது. வாங்கும்போது எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தரப்படும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பது, படத்தின் தெளிவைப் பார்ப்பதற்கு இணையாக முக்கியம். என் கருவியின் தயாரிப்பாளர் எந்தத் தேதிவரை அப்டேட் தரப்படும் என்பதைத் தம் இணையதளத்தில் வெளிப்படையாக அறிவித்திருக்கிறார், இதுவரை சொன்னபடி அப்டேட்டும் அனுப்பி வருகிறார். இதை உண்மையான நற்பண்பாகக் கருதுகிறேன்.

ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னால் படத்திற்கும் ஒலிக்கும் நாலரை, ரிமோட்டுக்கு நான்கு, சேமிப்பிடத்திற்கு இரண்டு, வாடிக்கையாளர் சேவைக்கு அந்த ஒரு ஊழியரின் பொருட்டு மூன்று, கோளாற்றைத் தெரிவிக்கும் முறைக்கு ஒன்று. அமைப்புகளைத் திறந்து பார்க்கத் தயங்காத ஒருவர் இருக்கும் வீட்டிற்கு இதைப் பரிந்துரைப்பேன். தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு இதை வாங்கித் தரவில்லை. ‘தவறு நேர்ந்துள்ளது’ என்று திரை சொன்னால் தாம் எதையோ கெடுத்துவிட்டதாக எண்ணி அன்று முழுவதும் ரிமோட்டையே தொடாமல் இருப்பவர் அவர். அவருக்கு 2 ஜிபி ரேமும் கூடுதல் சேமிப்பிடமும் உள்ள, ஒவ்வொரு கோளாற்றுக்கும் தனி எண்ணைக் காட்டும் வேறொரு கருவியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த எண்ணைத் தொலைபேசியில் அவர் வாசித்துச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று என்னால் சொல்ல முடிகிறது.

நான்கு நிகழ்வுகளையும் தேதியோடு எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பியிருந்தேன். கடந்த மாதம் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, சேமிப்பிடம் குறைந்தால் அதைத் தனியே சொல்லும் வாசகம் ஒன்று தோன்றுகிறது. மின்சாரக் குறைவுக்கும் தவறான தேதிக்கும் என்ன செய்திருக்கிறார்கள் என்று அறிய, நேற்று தானியங்கி நேரத்தை அணைத்து, தேதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி ஒரு செயலியைத் திறந்து பார்த்தேன். சின்னம் தோன்றி நின்றது. சிறிது நேரத்தில் அதே பழைய வாசகம் வந்தது.